செம்மாண்டான் குளத்து எண்ணெய் ஊற்று

காலை ஆறு மணி. அருள்புரத்துக்குத் தெற்கே செம்மாண்டான் குளத்தில் பரிசலை இறக்கப் போன வெள்ளையன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மீன் குத்தகை எடுத்து அவர் வளர்த்த கட்லாவும் ரோகுவும் வயிற்றைக் காட்டி மிதந்தன. குளத்தின் நடுவே குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. ஒரு வருடமாகத் திட்டாகத் தெரிந்த எண்ணெய்ப் படலம் சுற்றிலும் பரவி, வெயிலில் பல நிறமாக மினுங்கியது.

குளத்தை ஒட்டி மூன்று பேருக்குத் தொழில். தங்கராஜும் பொன்னுச்சாமியும் ஆளுக்கொரு வாஷிங் யூனிட் வைத்திருந்தார்கள். நிட்டிங் மெஷினிலிருந்து எண்ணெயோடு வரும் துணியை அலசித் தருவது வேலை. மூன்றாமவர் லிங்கசாமி, கழிவு எண்ணெய் வியாபாரி. ஊர் கை நீட்டியது லிங்கசாமியை நோக்கித்தான். கறுத்த கையைச் சந்தேகிக்க யாரும் ஆதாரம் கேட்பதில்லை. வெள்ளை வேட்டிக்குத்தான் ஆதாரம் வேண்டும்.

மூவரும் கூட்டுச் சேர்ந்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். செயற்கைக்கோள் படங்களின்படி இது பூமிக்கடியிலிருந்து வரும் இயற்கை எண்ணெய், எரிவாயுக் கசிவாம். யார் மீதும் குற்றமில்லையாம். தாசில்தார் அதை ஏற்றுக்கொண்டால் வெள்ளையனுக்கு நட்டஈடு கிடையாது. எரிவாயு ஆபத்தென்று குளத்தைச் சுற்றி வேலி விழும், குத்தகையும் போகும். விசாரணை இரண்டு வாரம் கழித்து, மாலை நான்கு மணிக்கு.

சோதனைச் சாலைக்கு அனுப்பிய தண்ணீர்ப் பாட்டில் இரண்டு முறையும் வழியிலேயே உடைந்திருந்தது. ஒரு பாட்டில் உடைந்தால் கைதவறல் என்று விட்டுவிடலாம். இரண்டாவது பாட்டில்தான் கேஸை விசாரித்த சப்-இன்ஸ்பெக்டர் மைதிலியை உறுத்தியது.

விசாரணை நாள், காலை பத்து மணி. முதலில் தங்கராஜ்.

"யூனிட் வருசம் பூரா ஓடுதுங்களா?"

"எங்கீங்க மேடம்! ஆளுக எல்லாம் மதுரை, திருநெல்வேலிப் பக்கம். தீவாளிக்கும் பொங்கலுக்கும் பத்துப் பத்து நாள் பூட்டுத்தான். மேஸ்திரி சுடலை சாவியோடவே பஸ் ஏறிருவானுங்க."

அடுத்து லிங்கசாமி. கேள்விக்கு முன்பே பதில் வந்தது.

"நானில்லீங்க அம்மணி! எண்ணெயைக் காசு குடுத்து வாங்கிக் காசுக்கு விக்கறவன். கொளத்துல கொட்ட எனக்கென்ன கிறுக்கா?"

"கடைக்கு லீவு எப்போ?"

"ஊடே கடை, கடையே ஊடு. சாவு உழுந்தாக்கூட ஒருபக்கம் வியாபாரம் நடக்குமுங்க."

பொன்னுச்சாமி இளநீர் வெட்டச் சொன்னார். மைதிலி வேண்டாமென்றாள்.

"வெள்ளையனை நெனச்சா மனசே கேக்கலீங்க மேடம். நட்டம்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? எம்பட பசங்க பூராப் பீகார். தீவாளி, பொங்கல்னு பாக்காம ஓட்டறேன். போன ஹோலிக்கு அத்தனை பேரும் ரயிலேறிட்டானுக. மூணு வாரம் பூட்டு. பெரிய ஆர்டரே கைமாறிப் போச்சுங்க."

"பாவம்தான்" என்றாள் மைதிலி. யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

மதியம் பன்னிரண்டு. நிபுணர் நித்தீஷ் மடிக்கணினியைத் திறந்தான். கெட்டிக்காரன், கெட்டிக்காரன் என்று அவனுக்கும் தெரியும்.

"இது ரேடார் படம் மேடம். காத்தடிச்சா தண்ணி சின்னச் சின்ன அலையாச் சிலும்பும், வெளுப்பாத் தெரியும். எண்ணெய் இருக்கற எடத்துல சிலும்பாது, கறுப்பாத் தெரியும். கடல்ல இயற்கைக் கசிவை இப்படித்தான் தேடுவாங்க. கப்பல் எண்ணெய்னா ஒருநாள் வந்து போயிரும். ஊத்துன்னா ஒரே எடத்துல திரும்பத் திரும்பக் கறுக்கும். இங்க பாருங்க, ஒரு வருசமா ஒரே எடம். பொங்கல் முடிஞ்ச மூணாம் நாள் எடுத்த படத்துலதான் கறுப்பு இருக்கறதுலயே அழுத்தமா இருக்கு."

"இந்தப் படலம் எத்தனை நாள் நிக்கும்?"

"ரெண்டு மூணு நாள்ல கலைஞ்சிரும். அடியிலிருந்து வந்துட்டே இருந்தாத்தான் உண்டு."

மைதிலியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருபது வருடம் நின்றவள். நல்ல துணியைப் பார்த்து யாரும் ஒன்றும் கற்பதில்லை என்பது அந்த வீட்டு அறிவு.

"தேறினதைக் காட்டிட்டீங்க தம்பி. ரிஜெக்ட் எங்க?"

நித்தீஷ் சிரித்தான். "கசிவு தெரியாத படத்தை எதுக்கு மேடம் அறிக்கையில வெக்கணும்? நல்லதாப் பொறுக்கி வெக்கச் சொன்னாங்க. துணி வாங்க வர்ற பையருக்குச் சாம்பிள் காட்டறப்ப ஓட்டைத் துணியக் காட்டுவாங்களா?"

"எனக்கு ஓட்டைத்தான் வேணும்."

ஒதுக்கிய படங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் மார்ச் மாதத்தில் அடுத்தடுத்து எடுத்தவை. குளம் முழுக்க வெளுப்பு.

"அன்னைக்குக் காத்து இல்லையோ?"

"காத்து இல்லாட்டி மொத்தக் குளமும் கறுப்பா இருக்கும். இது நல்ல காத்து. எண்ணெய்தான்..." நித்தீஷ் பாதியில் நிறுத்தினான். சிரிப்பும் நின்றது.

மாலை நான்கு. குளக்கரையில் தாசில்தார், மூன்று முதலாளிகள், நித்தீஷ், தள்ளி நின்ற வெள்ளையன்.

"நித்தீஷ் தம்பி சொன்னது சரியான பாடம்" என்று தொடங்கினாள் மைதிலி. "ஊத்துன்னா விடாம வரணும். ஆனா இந்த ஊத்து மார்ச் மாசம் லீவு போட்டிருக்கு. பூமி லீவு போடாது. கம்பெனிதான் போடும்."

தங்கராஜ் வேர்வையைத் துடைத்தார்.

"உங்க யூனிட் பொங்கலுக்குப் பத்து நாள் பூட்டு. ஆனா பொங்கல் படத்துலதான் எண்ணெய் அழுத்தமாக் கறுத்திருக்கு. அதனால நீங்க இல்லீங்க. லிங்கசாமி கடை பூட்டறதே இல்லை. அவர் கொட்டியிருந்தா மார்ச்லயும் கறுத்திருக்கணும். தீவாளி, பொங்கல்னு ஓடி, மார்ச்ல வந்த ஹோலிக்கு மட்டும் மூணு வாரம் பூட்டின யூனிட் ஒண்ணே ஒண்ணு. அதை நான் கண்டுபிடிக்கலீங்க. முதலாளியே இளநீரோட சொன்னாரு."

எல்லாரும் பொன்னுச்சாமியைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க மேடம், வெளையாடறீங்களா? கரையைச் சுத்தி வந்து பாருங்க, ஒரு கொழாயாவது இருக்குதுங்களா?"

"கரையில இருந்தா எல்லாருக்கும் தெரியுமுங்களே. அடியில புதைச்சுக் குளத்து நடுவுல திறந்து விட்டாத்தான் ஊத்து மாதிரி இருக்கும்." மைதிலி செல்போனை எடுத்தாள். பொன்னுச்சாமியின் யூனிட்டில் நிறுத்தியிருந்த ஏட்டு ராக்கையா மறுமுனையில் இருந்தார். "கழிவுத் தொட்டி மோட்டாரை ஆஃப் பண்ணுங்க."

குளத்து நடுவில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. பிறகு இடைவெளி விட்டு வந்தன. பிறகு ஒன்று. அதோடு சரி.

"மறுபடி போடுங்க."

குமிழி கிளம்பியது.

நித்தீஷ் அறிக்கையைத் தாசில்தார் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

பொன்னுச்சாமி பழுத்த வியாபாரி. சரக்கு சிக்கியதும் அடுத்த கணமே பேரத்துக்கு இறங்கிவிட்டார். வெள்ளையனின் தோளில் கை போட்டு, குரலைத் தணித்தார். "வெள்ளையா, நம்முளுக்குள்ள என்னப்பா. கேஸு கீஸுன்னு அலையாத. மீனுக்கு ஒரு ரேட்டுச் சொல்லு, இப்பவே முடிச்சுக்கலாம்."

சந்தையில் மீனுக்கு எப்போதும் அடுத்தவர் சொன்ன ரேட்டையே கேட்டுப் பழகியவர் வெள்ளையன். தோளிலிருந்த கையை எடுத்து ஓரமாக விட்டார்.

"மொதல்ல கொழாயத் தோண்டி எடுங்க மொதலாளி. அப்பறம் தாசில்தார் முன்னால நான் ரேட்டுச் சொல்றேன். கொறைக்கறதுக்கு இல்லீங்க."