வாரிஜாவுக்கு வராத கட்டம்

தீக்ஷித் வந்தபோது நல்ல மழை. விட்லா டவுனிலிருந்து பைக்கில் வந்த கேமரா மெக்கானிக், முற்றத்தில் நின்று மழைக்கோட்டைக் கழற்றி உதறினான். மத்தியானம்தான். ஆனாலும் பாக்குத் தோட்டம் விளக்கு வைக்கிற நேரம் போல இருண்டு கிடந்தது. எங்கள் பக்கத்து ஆடி மாதம் அப்படித்தான்.

"என்ன அஜ்ஜா, கேமரா மறுபடியும் கத்துதா?" தாத்தா வயசு என்பதால் அவனுக்கு நான் அஜ்ஜா.

"கத்த வேண்டிய நேரத்துல கத்தல மாராயா. ஆளில்லாத நேரத்துல உயிர் போற மாதிரி கத்துது. நல்ல சாமானாப் பார்த்து மாட்டியிருக்கே."

"சாமான் நல்லதுதான். நீங்கதான் அதை நம்ப மாட்டேங்கிறீங்க."

நம்பாததில் தப்பில்லை. கேமராவை மாட்டியது எனக்காக இல்லை, என் மனைவி வாரிஜாவுக்காக. அவளுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. கண் அசந்தால் எழுந்து முற்றத்தைக் கடந்து குளத்துப் பக்கம் நடப்பாள். மஸ்கட்டில் இருக்கும் மகன் ஹரீஷன்தான் ஏற்பாடு செய்தான். முற்றத்தில் ஆள் நடந்தால் என் போன் கத்தும். படத்தில் அந்த ஆளைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் வரும். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் போன் கத்தவில்லை. நான் விழித்தபோது கட்டிலில் அவள் இல்லை. குளத்தின் கடைசிப் படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் போயிருப்பாள்.

அவள் முற்றத்தைக் கடந்தது முழுக்கக் கேமராவில் பதிந்திருந்தது. கட்டம் மட்டும் வரவில்லை.

தீக்ஷித் ஏணி வைத்து ஏறினான். கேமராக் கண்ணாடியைத் துடைத்தான். சிலந்தி வலையை எடுத்தான். குறுக்கே ஆடிய வாழை இலையை என்னை வெட்டச் சொன்னான். பிறகு போனில் ஏதோ கூட்டினான், குறைத்தான்.

"இனிமே மழை, இலை, நாய் எதுக்கும் கத்தாது. மனுசன் நடந்தா மட்டும்தான். எங்க, ஒரு தடவை நடங்க."

நான் நடந்தேன். போன் கத்தியது. என்னைச் சுற்றி மஞ்சள் கட்டம்.

அவன் நடந்தான். கட்டம் வந்தது.

வாரிஜாவைக் கைபிடித்து இறக்கிவிட்டேன். அவள் மெதுவாக முற்றத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாள்.

போன் சும்மா இருந்தது.

"அம்மா, கையை வீசி நடங்க பார்ப்போம்" என்றான். வீசி நடந்தாள். அவனுடைய குடையைப் பிடித்துக்கொண்டும் நடந்தாள். ஒன்றும் வரவில்லை.

"மெதுவா நடக்கிறாங்க இல்ல, அதான்" என்று இழுத்தான். "கோழி நடந்தாலே கத்தின சாமான் இது" என்றேன்.

அப்போது கத்தியது.

முற்றத்தில் யாரும் இல்லை. நாங்கள் மூவரும் தாழ்வாரத்தில்தான் நின்றோம். படத்தில் வெறும் மழை. அந்த மழைக்குள் ஒரு மஞ்சள் கட்டம், ஆள் உயரத்துக்கு, குளத்துப் பாதையிலிருந்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

படிக்கட்டு அருகே நின்றது.

பாசி நாற்றம் அடித்தது.

"அவதான்" என்றாள் வாரிஜா. பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வது போலச் சொன்னாள்.

"எவடி?"

"குளத்துல இருக்கிறவ. அவளுக்கு இலை போட யாருமில்லையாம். நம்ம வீட்டுல போடுவியான்னு கேட்டா."

போன வாரம்தான் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைத்தோம். அப்பனுக்கு, அம்மைக்கு, தம்பிக்கு என்று ஆளுக்கு ஓர் இலை. தோசை, கோழிக் குழம்பு, கள். வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்க வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள் என்று தோன்றியதும் கதவைத் தட்டித் திறப்போம். அன்றைக்கு ஓர் இலை கூடுதலாக இருந்தது. வாரிஜா எண்ணிக்கையை மறந்துவிட்டாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். கதவைத் திறந்தபோது மற்ற இலைகளில் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த ஓர் இலை மட்டும் வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது. பூனை என்றேன்.

"யாரோட இலையடி அவளுக்குப் போட்ட?"

"வேற யாரோடது? என்னோடதைத்தான். எனக்குப் பசியில்ல."

தீக்ஷித் ஏணியை மடக்கினான். "கேமராவே போயிருக்கும் அஜ்ஜா. நாளைக்கு வேற கம்பெனிது கொண்டு வர்றேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, மழைக்கோட்டைக்கூடப் போடாமல் கிளம்பினான்.

அன்றைக்கு வாரிஜாவின் நீலப் புடவை முந்தானையை என் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தேன். அவள் சிரித்தாள். "கல்யாணத்துல கூட இவ்வளவு இறுக்கி முடிச்சுப் போடல."

விடிந்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. அவளும் பக்கத்தில்தான் படுத்திருந்தாள்.

முந்தானை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தீக்ஷித் புதுக் கேமராவை மாட்டி முடித்து என்னை நடக்கவிட்டான். கட்டம். பிறகு வாரிஜா இறங்கினாள். கைபிடிக்காமல், விறுவிறுவென்று.

போன் கத்தியது. அவளைச் சுற்றி நல்ல கெட்டியான மஞ்சள் கட்டம்.

"பார்த்தீங்களா? பழசுலதான் கோளாறு" என்று தீக்ஷித் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தான். "இப்பவாவது நம்புவீங்களா?"

"மழையில வந்திருக்கே, காபி குடிச்சிட்டுப் போ" என்றாள் வாரிஜா. எத்தனையோ மாதமாக அடுப்புப் பக்கம் போகாதவள், தானே போட்டுக் கொண்டுவந்தாள். காபி நன்றாக இருந்தது. சர்க்கரை டப்பா எங்கே என்று மட்டும் என்னைக் கேட்டாள். முப்பது வருடமாக அதை வைத்து எடுத்தவள் அவள்தான்.

ஹரீஷன் போனில் பேசினான். "அம்மா குரல் எவ்வளவு தெளிவா இருக்குப்பா" என்று சந்தோஷப்பட்டான். நானும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

சாயங்காலம் மழை விட்டது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். உள்ளே அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

படத்தில், குளத்துப் பாதையின் தொடக்கத்தில் ஒருத்தி நின்றாள்.

நீலப் புடவை. வாரிஜா.

முந்தானை நுனியைக் கையில் பிடித்து வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். யாராவது வாங்கி முடிச்சுப் போடட்டும் என்பது போல.

அவளைச் சுற்றிக் கட்டம் இல்லை. போன் கத்தவில்லை.

தலையைத் தூக்கிப் பாதையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. படத்தைப் பார்த்தேன். நின்றாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

நான் எழுந்து முற்றத்தில் இறங்கினேன். இரண்டடி வைப்பதற்குள் பாசி நாற்றம் வந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றது வாரிஜாவின் குரல், என் பிடரியருகே.

கையில் போன் கத்தத் தொடங்கியது. படத்தில் இரண்டு மஞ்சள் கட்டங்கள். ஒன்று என்னைச் சுற்றி. இன்னொன்று என்னை ஒட்டினாற்போல், பின்னால்.

அதே படத்தில், பாதையில் நின்றவள் முந்தானையை மெதுவாகக் கீழே விட்டாள்.