"ஒண்ணும் ஆகாது" என்றார் மாமா

யாரைக் கேட்டு என் புத்தக அலமாரியில் கை வைத்தார்கள்?

சனிக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டுப் படிக்கிற அறைக்குள் வந்தால், என் புத்தகங்கள் எல்லாம் தரையில் குவிந்து கிடக்கின்றன. அலமாரியின் தடிமனான இரண்டு பலகைகளைக் காணோம். இது யார் வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நேராகக் கார் ஷெட்டுக்கு ஓடினேன்.

அங்கே மாமா நின்றிருந்தார். அம்மாவின் தம்பி. பல் டாக்டர். போன மாதம்தான் ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கியிருந்தார். ரொம்பத் தாழ்வான கார். தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே நான்கு விரல்தான் போகும். ஒவ்வொரு வேகத்தடையிலும் 'கரக்' என்று உரசும். அப்படி உரசி உரசி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாமா குடியிருப்பது மாடி வீடு. அதனால் எங்கள் ஷெட்டில் வைத்து, தானே சரிசெய்யப் போகிறாராம்.

"மாமா! என் பலகை எங்கே?"

"வா பட்டாசு!" என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது. "கார் தாழ்வா இருக்குல்ல, ஜாக்கி உள்ளயே போகல. உன் பலகை மேல முன் சக்கரத்தை ஏத்தினதும் ஜம்முனு போயிடுச்சு. யோசனை உங்கப்பாவோடது."

பக்கத்தில் நின்ற அப்பா பெருமையாகத் தலையாட்டினார். யோசனை நல்லதுதான். அதற்காக என் அலமாரிதான் கிடைத்ததா? இந்த வீட்டில் வேறு பலகையே இல்லையா?

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ தூங்கிட்டிருந்தே."

"எழுப்பிக் கேட்டிருக்கலாம்ல?"

மாமா ஜாக்கியின் கம்பியை அழுத்தி அழுத்திக் காரின் முன்பக்கத்தைத் தூக்க ஆரம்பித்தார். காரின் கையேடு ஜன்னல் ஓரத்தில் தூசியோடு கிடந்தது. கோபம் வந்தால் எனக்குக் கையில் எதையாவது வைத்துப் படிக்க வேண்டும். எடுத்துப் படித்தேன்.

"மாமா, தூக்குறதுக்கு முன்னாடி பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கணும்னு போட்டிருக்கு."

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சு."

"முட்டு?"

மாமா பெருமூச்சு விட்டார். காரை இறக்கி, பின் சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு கட்டைகளைச் செருகினார். "அத்தான், உங்க பொண்ணு எனக்கே கிளாஸ் எடுக்குறா!" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது?

மறுபடியும் கார் மேலே எழுந்தது. அப்போது மாமா என்ன செய்தார் தெரியுமா? சுவர் கட்டி மிச்சமான இரண்டு ஹாலோ பிளாக் கற்களைத் தூக்கி வந்தார். பக்கத்துக்கு ஒன்றாகக் காரின் அடியில் வைத்தார். காரை அவற்றின் மேல் இறக்கிவிட்டு ஜாக்கியை வெளியே இழுத்துவிட்டார்!

வேகமாகப் பக்கத்தைப் புரட்டினேன்.

"மாமா, கல்லு வைக்கவே கூடாதாம்! திடீர்னு உடைஞ்சிடுமாம். இரும்பு ஸ்டாண்டுதான் வைக்கணுமாம். வெறும் ஜாக்கியை நம்பிக்கூட அடியில போகக் கூடாதாம்."

"அஞ்சு நிமிஷ வேலை. ஒண்ணும் ஆகாது."

இந்த 'ஒண்ணும் ஆகாது' எனக்கு நன்றாகத் தெரியும். என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதும் இதையேதான் சொன்னார். மூன்று நாள் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"மாமா டாக்டர்மா. அவருக்குத் தெரியாதா?"

"பல்லுக்குத்தானே டாக்டர்? கல்லுக்குமா?"

"போதும் பட்டாசு, வெடிக்காதே" என்றார் மாமா. "பெரியவங்க வேலை செய்யுற இடத்துல சின்னப் பிள்ளைக்கு என்ன வேலை? போய் விளையாடு."

பலகைக்காக வந்த கோபமெல்லாம் ஒரு கோபமே இல்லை. இப்போது வந்தது வேறு. எனக்கு இருப்பது ஒரே ஒரு மாமா. அந்த மாமா அந்தக் கற்களை நம்பித் தலையைக் கொண்டுபோய் அடியில் வைக்கப் போகிறார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இன்னும் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

மாமா தரையில் பாயை விரித்தார். அப்போதுதான் மேசை மேல் இருந்த அவருடைய புது போன் என் கண்ணில் பட்டது. அதை யாரையும் தொட விடமாட்டார். துடைப்பதற்கென்றே தனியாக ஒரு துணி வைத்திருக்கிறார்.

போனை எடுத்துத் தரையில் வைத்தேன். துடைப்பக் கட்டையால் காருக்கு அடியில் தள்ளினேன். மாமாவின் தலை எங்கே வருமோ, சரியாக அங்கே போய் நின்றது போன். நான் வாசலுக்கு ஓடிவந்து நின்றுகொண்டேன்.

"ஏய்! என் போன்! என்ன பண்றே?"

"இப்போ காரை நல்லா ஆட்டுங்க மாமா."

"விளையாடாதே! கார் இறங்கிச்சுன்னா போன் சுக்குநூறாயிடும்!"

"ஏன் இறங்கும்? ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே!"

மாமா குனிந்து காருக்கு அடியில் போனைப் பார்த்தார்.

"போன்னா இப்படிப் பதறுறீங்க. தலைன்னா பரவாயில்லையா? போன் உடைஞ்சா கடையில வேற வாங்கலாம். உங்க தலை எந்தக் கடையில கிடைக்கும்?"

கத்திவிட்டேன். கத்தும்போது அழுதும்விட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அப்பா துடைப்பக் கட்டையால் போனை வெளியே இழுத்தார். மாமா அதைத் துடைக்கக்கூட இல்லை, பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி, பார்த்துடுவோம். எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று முணுமுணுத்தார். பின்பக்கமாகப் போய்க் காரை ஒரே ஒரு தள்ளு தள்ளினார்.

'டப்.'

பெரிய சத்தம்கூட இல்லை. இடது பக்கத்துக் கல் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. கார் அந்தப் பக்கம் தொப்பென்று பலகை மேல் இறங்கியது. நான் குனிந்து பார்த்தேன். தரைக்கும் காருக்கும் நடுவே, பலகையின் உயரத்தோடு சேர்த்து, ஆறு விரல் இடைவெளி இருக்கலாம். மாமாவின் தலை ஆறு விரலில் அடங்காது.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெரு மெக்கானிக்கிடம் போனார். இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளோடு திரும்பி வந்தார்.

இந்த முறை நான் படித்தேன், அவர்கள் செய்தார்கள்.

ஜாக்கியால் காரை மறுபடி தூக்கியதும், "அடுத்து என்ன?" என்று அப்பா கேட்டார்.

"படத்துல அம்புக்குறி போட்ட இடத்துல ஸ்டாண்டை வைக்கணும். ரெண்டு பக்கமும். அப்புறம் மெதுவா இறக்கணும்."

மெதுவாக இறக்கினார்கள்.

"ஆட்டுங்க" என்றேன். மாமா ஆட்டினார். கார் அசையவில்லை.

"இன்னும் பலமா."

பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். அப்போதும் அசையவில்லை.

"போகலாமா?" என்று மாமா கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ம், போங்க."

மாமா காருக்கு அடியில் போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு கையும் வெளியே நீண்டது. "பட்டாசு, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொடும்மா."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னும் கோபமா?"

"ஆமா."

பிறகு, "சாரிம்மா" என்று மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"காதுல விழல மாமா."

"சாரி! நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்! தப்பு என் மேலதான்!" என்று மாமா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னலே திறந்துகொண்டது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில் வைத்தேன்.