முள் குத்தாத கை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் ஒரு குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு அழுதால், என்ன ஏது என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். கெளுத்தி குத்திவிட்டது என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். கெளுத்தி மீனின் முள் அப்படிப்பட்டது. குத்தினால் பெரிய ஆட்களே ஊரைக் கூட்டிவிடுவார்கள்.

ரூபன் அழுத அன்றும் அப்படித்தான் ஆனது.

ரூபனுக்கு இரண்டு வயது. அவனுடைய அக்கா ஜாக்குலின் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா சூசையம்மாள், மழை தொடங்கிய நாளிலிருந்து சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அப்பா தேவதாஸைப் பிள்ளைகள் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் நைனா, "வருவா" என்பார். அதோடு சரி. அதற்கு மேல் கேட்க ஜாக்குலினுக்குப் பயம்.

ரூபனை விட்டுவிட்டுப் போக ஆள் கிடைக்காத நாட்களில், நைனா அவனையும் படகில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே வலை போடுவார். பள்ளி இல்லையென்றால் ஜாக்குலினும் போவாள்.

அன்று சனிக்கிழமை, ஜாக்குலினும் படகில் இருந்தாள். விடாத தூறல். ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. வலையில் விழுந்ததெல்லாம் கெளுத்தியும் நண்டுக் குஞ்சும்தான்.

படகு கரையை நெருங்கியது. நடுவில் சேறு. சின்னப் பிள்ளைகளைக் கரையேற்ற அந்த ஊரில் ஒரே வழிதான். ஒரு கையைப் பிடித்து, சேற்றுக்கு மேலே வீசினாற்போல் தூக்கிக் கரையில் வைப்பார்கள். பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல் மாதிரி இருக்கும். நைனாவும் ரூபனை அப்படித்தான் தூக்கினார். எப்போதும் கெக்கெக்கே என்று சிரிப்பவன் அன்று வீலென்று கத்தினான்.

"அடம் புடிக்காதடா" என்று சொல்லிவிட்டு நைனா படகை இழுத்துக் கட்டப் போனார். மீனும் வலையும் கரையில் கிடந்தன. நைனா திரும்பிப் பார்த்தபோது, கெளுத்திக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து ரூபன் தேம்பிக்கொண்டிருந்தான். வலது கை தொங்கிப்போயிருந்தது.

"ஐயையோ, கெளுத்தி மேல கைய வெச்சிட்டான்" என்று நைனா ஓடிவந்தார்.

பக்கத்து வீட்டு பிலோமினா அத்தை அதற்குள் வந்துவிட்டாள். ஊரில் எங்கே அழுகை கேட்டாலும் முதலில் நிற்பது அவள்தான். அவளுடைய குரல் தூரத்து ஊரான எளாவூர் வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள்.

"ஏ ஜமுனா, வெந்நி வை. நல்லா கொதிக்கட்டும். கைய உள்ள வுட்டாத்தான் விஷம் எறங்கும்" என்று தன் மருமகளுக்குக் கட்டளை போட்டாள்.

ஜாக்குலின் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முள் குத்திய இடமே இல்லை. ரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. விரலைத் தொட்டாள், பேசாமல் இருந்தான். மணிக்கட்டைத் தொட்டாள், அப்போதும் பேசாமல் இருந்தான். உள்ளங்கையை மெல்லத் திருப்பியதும் முழங்கையை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அலறினான்.

ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். அழுகை நின்றது. ஆனால் இடது கையால்தான் வாங்கினான்.

"குத்துன எடமே இல்ல அத்தை."

"சின்ன முள்ளா இருக்கும். உனக்கு இன்னா தெரியும்?"

ஜாக்குலினுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மீன் பக்கத்தில் உட்காருவதற்கு முன்பே கத்தினான். நைனா தூக்கியபோதே கத்தினான்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தவள், நைனாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் சேற்றில் குந்தி, ரூபனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நைனாதான் காரணம் என்று தெரிந்தால் பிலோமினா அத்தை சும்மா விடுவாளா? பெண்டாட்டியும் ஆஸ்பத்திரியில், பிள்ளையையும் இப்படிப் பண்ணிவிட்டாயே என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லுவாள். ஏற்கெனவே உடைந்துபோன மனிதர் அதை எப்படித் தாங்குவார்?

ஜமுனா ஆவி பறக்கும் பானையோடு வந்தாள். அத்தை ரூபனின் கையைப் பிடிக்கக் குனிந்தாள்.

"வேணாம் அத்தை" என்று ஜாக்குலின் குறுக்கே கையை நீட்டினாள். "முள்ளு குத்தல. நான்தான் அவன் கையப் புடிச்சு வெடுக்குனு இழுத்தேன். அப்பதான் கத்துனான்."

அத்தை நிமிர்ந்தாள். அதன் பிறகு வந்ததையெல்லாம் ஜாக்குலின் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். "அம்மா இல்லாத நேரத்துல தம்பிய இப்படித்தான் பாத்துக்குவியா? நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று கேட்டபோது மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பானை கீழே இறங்கிவிட்டது. அது போதும்.

நைனா ரூபனைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நடந்தார். வழி முழுவதும் மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்படி ஆச்சு?" என்றார்.

"ஒத்தக் கையப் புடிச்சு தூக்குனதுல" என்றாள் ஜாக்குலின். யார் தூக்கியது என்று சொல்லவில்லை.

"நல்லவேளை, சரியா சொன்னே."

டாக்டரம்மா ஒரு கையால் ரூபனின் முழங்கையைத் தாங்கினார். மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பி மடக்கினார். 'டக்'கென்று சின்னதாக ஒரு சத்தம். ரூபன் ஒரு முறை வீறிட்டான். கொஞ்ச நேரத்தில் அதே வலது கையால் டாக்டரம்மாவின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று சண்டையும் போட்டான்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு முழங்கை எலும்பைப் பிடிச்சிருக்கிற பட்டை தளர்வா இருக்கும். ஒத்தக் கையில தூக்கினா எலும்பு நழுவிடும். இனிமே ரெண்டு அக்குள்லயும் கை கொடுத்துத் தூக்குங்க" என்றார் டாக்டரம்மா.

நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ஊருக்குத் திரும்பியபோதும் தூறல் நிற்கவில்லை. பிலோமினா அத்தையோடு பாதித் தெரு காத்திருந்தது.

"வாடி எங்கம்மா. தம்பி கைய ஒடிக்கப் பாத்தியே" என்று அத்தை ஆரம்பித்தாள்.

"அவ இல்ல" என்றார் நைனா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான்தான் பிலோமினாக்கா தூக்குனேன். படகுலேர்ந்து, ஒத்தக் கையில. அவ எனக்கோசரம் பொய் சொன்னா. அவ சொல்லலன்னா புள்ள கைய வெந்நில வுட்டிருப்போம்."

அத்தை ஜாக்குலின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நான் அவ்ளோ திட்டுனேனே. சும்மா நின்னுக்கினு இருந்தியே?"

"நைனாவத் திட்டியிருந்தா அவரு தாங்க மாட்டாரு அத்தை. நான் தாங்குவேன்."

நைனா ரூபனை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டார். மறு கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க வீட்டுக்கு நடந்தார்.