கண்ணடிக்கும் குதிரை

கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டு வாசலில் குருநாதன் ஸ்கூட்டரை நிறுத்தியபோது காலை பதினொரு மணி. பள்ளிக்கூடம் லீவு என்பதால் ஏழு வயது மகள் பூஜாவும் அடம்பிடித்துக் கூடவே வந்திருந்தாள்.

"வாங்க ஆசாரி. உள்ளறையில ஒரு மரக்குதிரை கெடக்கு. அதைச் சரிபண்ணணுமாம்" என்றார் காவல்காரர் ஆண்டியப்பன்.

"கதவு வேலைன்னுதானே போன்ல சொன்னீக?"

உளிப்பெட்டியைக் கையில் எடுத்த குருநாதன் வாசலிலிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தான்.

அவன் அப்பா கோயில் வாகனமாகச் செதுக்கிய குதிரை அது. வாகனத்துக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். விரதமிருந்து, திரை கட்டி, எதிரே கண்ணாடி வைத்துத் திறக்க வேண்டும். முதல் பார்வை மனிதர்மேல் விழவே கூடாது. அப்போது பத்து வயதுப் பயலாக இருந்த அவனுக்கு அதெல்லாம் எங்கே ஏறும்? அப்பா சாப்பிடப் போன நேரத்தில், தங்கை அக்கம்மாளைக் குதிரைக்கு எதிரே உட்கார வைத்தான் குருநாதன்.

"பாரு, உன்னையப் பாத்துக் கண்ணடிக்கும்."

சின்ன உளியால் இரண்டு கண்ணையும் திறந்துவிட்டான். அக்கம்மாள் கைதட்டிச் சிரித்தாள்.

அதற்கப்புறம் அவள் இமைக்கவே இல்லை. ஐந்தாம் நாள் செத்துப்போனாள். அப்போதும் அந்தக் கண்களை மூட அப்பாவால் முடியவில்லை. குதிரையின் கண்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, இந்த வீட்டு உள்ளறையில் போட்டுப் பூட்டினார். குருநாதனை ஒரு அடிகூட அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அன்றிலிருந்து அவன் எந்த உருவத்துக்கும் கண் திறந்ததில்லை. அதற்கு வேறு ஆசாரியைத்தான் கூப்பிடுவான். இப்போதும் அடைத்த கண் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

"பூஜா, வாசல்லயே இரு. உள்ள வரக் கூடாது."

ஆண்டியப்பன் பூட்டைத் திறந்தார். புழுக்க நாற்றம் வரும் என்று நினைத்தான். பச்சை மர வாசனை வந்தது, இப்போதுதான் சீவியது போல.

குதிரையின் மேலே கிடந்த பழைய வேட்டியை உருவினான்.

கண்கள் திறந்திருந்தன.

காலடியில் புதுச் சீவல் சுருண்டு கிடந்தது.

"யாரு கை வச்சா?"

"இந்த அறையத் தொறந்தே பல வருசமாச்சு ஆசாரி."

குதிரை அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

திரும்பினான். நிலைப்படியில் பூஜா நின்று கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கண்ணடிக்குதுப்பா!"

வேட்டியைக் குதிரையின் முகத்தில் வீசிவிட்டு, உளிப்பெட்டியைக்கூட எடுக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

புதுவயல் ரைஸ்மில்களைத் தாண்டும்போது காற்றில் உமித்தூள் பறந்தது. ரோட்டில் போனவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள். குருநாதன் ஸ்கூட்டர் கண்ணாடியில் மகளைப் பார்த்தான். அவளுடைய கருவிழியில் உமித்தூள் ஒட்டியிருந்தது.

வண்டியை ஓரங்கட்டினான். கட்டைவிரலால் அவள் இமைகளைக் கீழே இழுத்துப் பார்த்தான். மரம்போல் விறைத்திருந்தன. மறுபடி இழுத்தான். நகரவில்லை.

"கண்ணை மூடிக்கோ தாயி. அப்பாவுக்காக ஒரே ஒரு தடவை."

"மூடத்தான் பாக்குறேன்ப்பா. வர மாட்டேங்குது."