சுவர்ப் பக்கம் திரும்பிப் படு

பென்சில் ஆறாவது வரியில் வந்து நின்றது. அப்படி ஒரு வரி அந்த அட்டையில் இருப்பதையே வினுதா அப்போதுதான் பார்த்தாள்.

"10.40 – பின்கதவுத் தாழ்ப்பாளை எடு."

படுக்கையறைச் சுவரில், கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிய அட்டை அது. ஒன்பது மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்கு போனைச் சமையலறை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுவது, பத்துக்குப் பல் தேய்ப்பது, பத்தேகாலுக்கு ஹால் விளக்கை அணைப்பது, பத்தரைக்கு ஒரு டம்ளர் மஞ்சள் பால். இந்த ஐந்தும் டாக்டர் சொல்ல அவளே எழுதியவை. ஆறாவதை யார் சொன்னார்கள்? எழுத்து என்னவோ அவளுடையதுதான். இடக்கைக்காரி என்பதால் அவள் எழுத்தெல்லாம் காற்றடித்த சோளக்கொல்லை மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், இதுவும் அப்படியே சாய்ந்திருந்தது. வரிக்கு நேரே பதினோரு நாட்களுக்கு டிக் வேறு போட்டிருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அந்த நிமிஷமே அலறியிருப்பாள். வினுதா அலறவில்லை. தான் செய்ததே தனக்கு நினைவில்லாமல் போவது அவளுக்கு முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். வாங்கிய குக்கர் கேஸ்கெட்டையே மூன்று முறை வாங்குவாள், பூட்டிய வீட்டைப் பூட்ட பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர் சரோஜா பட்டணஷெட்டி போன வருஷம்தான் அதற்குப் பெயர் சொன்னார். சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மாமியார் சொன்னதும் அதே வாரத்தில்தான்.

இருப்பதிலேயே பெரிய பாடு தூக்கம். பகலெல்லாம் பஞ்சடைந்து கிடக்கும் மூளை ராத்திரி பதினொன்றுக்குத்தான் பளிச்சென்று விழிக்கும். ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தால் மணி மூன்றாகியிருக்கும். மார்ச்சில் ஒரு ராத்திரி நாலு மணி வரை அலமாரிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுச் செத்தவள் போலத் தூங்கினாள். கணவன் மகாந்தேஷ் பரீட்சை வேலையாக வெளியூரில் இருந்தான். காலையில் ஐந்து வயது மகள் அவனி தானே கதவைத் திறந்துகொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. லாரிக்கு முன்னால் நின்ற குழந்தையைப் பால்காரர் தூக்கிவந்து, அரை மணி நேரம் மணி அடித்தும் வினுதா எழவில்லை. அன்று சாயங்காலமே மகாந்தேஷ் மகளைக் கதக் ஊரில் தன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டான், அவன் வேலை பார்க்கும் காலேஜும் அங்கேதான், அவனும் அங்கேயே தங்கிக்கொண்டான்.

முப்பது நாள் கெடு வைத்தான். பதினொன்றுக்குத் தூங்கி ஆறுக்கு எழ வேண்டும், தினம் காலையில் டிக் போட்ட அட்டையை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு நாளும் தவறாமல் முப்பது ஆனால் அவனி வீட்டுக்கு வரும். இரண்டு முறை நாலாம் நாளிலேயே தோற்றாள். "உன் தலைய நம்பாத தங்கச்சி, காகிதத்த நம்பு. என்ன எழுதியிருக்கோ அத யோசிக்காம செய்" என்றார் டாக்டர். மூன்றாவது முறை யோசிக்காமல் செய்தாள். நடுவில் எப்போதோ, என்ன மாயமோ, தூக்கம் வர ஆரம்பித்தது. நேரத்துக்கு வந்தது, கனவில்லாமல் வந்தது. இன்றைக்கு இருபத்தாறாம் நாள்.

ஒரு வாரம் கண்ணில் பட்ட காகிதம் அவளுக்கு அப்புறம் வெறும் சுவர். கை டிக் போடும், கண் பார்க்காது. அதனால்தான் கவனிக்கவில்லை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு கீழே பார்த்தாள். இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

"10.50 – கட்டிலில் பாதி இடம் விடு."

"11.00 – சுவர்ப் பக்கம் திரும்பிப் படு. எழுந்து பார்க்காதே."

வெளியே தார்வாட்டின் ஆடி மழை, ஓட்டின் மேல் தூறுவதும் நிற்பதுமாக, சாக்கடையில் சளசளவென்று ஓடி, துவைகல்லின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து, வீட்டுக்குள் இருப்பவள் மூச்சைக் கூட நனைப்பது போலப் பெய்துகொண்டிருந்தது. சமையலறையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். தாழ்ப்பாள் ஏற்கெனவே எடுத்திருந்தது. எப்போது எடுத்தாள்? மஞ்சள் பால் காய்ச்சும்போதா? கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. வாசற்படியின் உள்பக்கம் சிமெண்ட் தரை கை அகலத்துக்கு ஈரமாக இருந்தது, அந்த ஈரத்திலிருந்து நனைந்த கோணிச்சாக்கின் வாடை வந்தது.

அந்த வாடை அவளுக்குப் புதிதில்லை. நேராகப் படுக்கையறைக்கு வந்து இரண்டாவது தலையணையை முகர்ந்தாள். அதே வாடை. மழைக்காலம், துணி காயவில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தலையணையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, தட்டிவிட்டாலும் உப்பவில்லை.

டப்பாவைத் திறந்து போனை எடுத்து மகாந்தேஷைக் கூப்பிட்டாள். தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் அவன் பொறுமையாகத்தான் கேட்டான். அவள் அனுப்பிய போட்டோக்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, பதினாலாம் நாள் போட்டோவில் அந்த மூன்று வரிகளும் இல்லை, பதினைந்தாம் நாளிலிருந்து இருக்கின்றன என்றான். அன்றையிலிருந்துதானே நன்றாகத் தூங்குகிறாய் என்றும் சொன்னான். அவனுக்கு அதில் சந்தோஷம்தான்.

"உன் கையெழுத்துதான் வினு. பக்கத்து வீட்டுக்காரி வந்தா எழுதிட்டுப் போவா? கேஸ்கெட் மூணு வாங்கினவதானே நீ."

அவளும் சிரித்தாள். வைத்தபிறகு போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், கதவுக்குச் சோள மாவு டின்னை நகர்த்தி அண்டக் கொடுத்தாள். ஹாலில் எல்லா விளக்கையும் போட்டு, மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விழித்திருப்பதுதான் அவளுக்குப் பிறவியிலேயே வந்த வித்தை ஆயிற்றே, ஒரு ராத்திரி என்ன, மூன்று ராத்திரி விழிப்பாள்.

பத்து ஐம்பத்தைந்துக்குக் கொட்டாவி வந்தது.

காலை ஆறு மணிக்குக் கண் விழித்தபோது மூக்குக்கு நேரே சுவர் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தாள், முதுகுப்பக்கம் முக்கால் கட்டில் காலி. ஹாலில் விளக்குகள் அணைந்திருந்தன. மாவு டின் பழைய இடத்தில் இருந்தது, தாழ்ப்பாள் எடுத்திருந்தது. அட்டையில் இருபத்தாறாம் நாளுக்கு எட்டு வரிக்கும் டிக். டப்பாவைத் திறந்து போனைப் பார்த்தாள். போட்டோ ஐந்து ஐம்பத்தெட்டுக்கே போயிருந்தது. மகாந்தேஷ் பதிலுக்குக் கைதட்டும் பொம்மை அனுப்பியிருந்தான்.

அப்போதுதான் பயம் வந்தது. தனக்காக இல்லை. இன்னும் நாலு நாளில் அந்தக் கட்டிலில் அவனி படுக்கப்போகிறது. பட்டியலை விட்டால் மகள் வரமாட்டாள், பிடித்தால் ராத்திரி வருகிற அதுவும் கூடவே வரும். யோசிக்க என்ன இருக்கிறது? தோற்றுவிடலாம் என்று முடிவு செய்தாள். தோற்பது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை.

மகாந்தேஷைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "ஏங்க, நான் தூங்கல. பொய் டிக் போட்டேன். அவனிய கூட்டிட்டு வராதீங்க. என்னால முடியல."

மகாந்தேஷ் மெதுவாகப் பேசினான், கோபமே இல்லாமல். கரை ஏறும்போது கையை விடுவதுதான் அவள் வழக்கம் என்றான். பி.எட். கடைசி செமஸ்டரில் நின்றது, தையல் வகுப்பு கடைசி வாரத்தில் நின்றது. இந்த முறை தான் விடப்போவதில்லை என்றான்.

"நாலு நாள்ல என்ன இருக்கு? நீ ஜெயிச்சிட்ட வினு. இன்னைக்கே கூட்டிட்டு வரேன்."

வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல அவனிக்குச் செய்தி எட்டிவிட்டது. அந்தப் பக்கம் 'பப்பா, பப்பா' என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டு குழந்தை குதிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. அட்டையைக் கிழித்துத் துண்டு துண்டாக்கி அடுப்பில் போட்டாள். டாக்டருக்குப் போன் செய்தால், புதிய பழக்கம் பிடிபடும்போது மனசு இப்படித்தான் முரண்டு பண்ணும், மாத்திரையை விடாதே என்றார். அவர் மேல் தப்பில்லை. ஒரு காரியத்தைச் செய்தேனா இல்லையா என்று தனக்கே தெரியாதவளின் பேச்சை யார் நம்புவார்கள்?

இருட்டும் நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். அவனி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. தலையில் கதக் வீட்டின் தேங்காயெண்ணெய் வாசம், ஒரு பல் விழுந்திருந்தது. வினுதா அழுதேவிட்டாள். ரொட்டியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் சாப்பிட்டார்கள், குழந்தை இரண்டு பேடாவை ஒன்றாக வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது. எல்லோரும் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுக்கலாமா என்று வினுதா கேட்டதற்கு, வந்ததும் வராததுமாக எங்கே போவது என்றான் மகாந்தேஷ். ஹாலில் பாய் விரிக்கலாமா என்றாள். அதே அறை, அதே கட்டில் என்று டாக்டர் சொல்லவில்லையா என்றான்.

மணி பத்தரை. அவள் பால் காய்ச்சவில்லை. அவனியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்கதவைத் திறந்தாள். மழை முகத்தில் அடித்தது. பின்னாலிருந்து மகாந்தேஷின் கை வந்து கதவைப் பிடித்தது.

"திரும்பவும் ரோட்டுக்கா வினு?"

சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான், கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவளைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனபோது சுவரில் புது அட்டை ஒட்டியிருந்தது. கிழித்தால் என்ன, போட்டோ இருக்கிறதே என்று அவள் பாத்திரம் கழுவும் நேரத்தில் அவனே பார்த்து எழுதியிருந்தான். அவனுடைய நேரான, வாத்தியார் எழுத்து. எட்டு வரிகள். அதற்குக் கீழே ஒன்று.

"இத எப்ப சேர்த்த?" என்று அவன் சிரித்தான். "காலைல அனுப்பின போட்டோவுலயே இருந்துச்சே. நான் கூட்டிட்டு வர்றதா சொல்றதுக்கு முன்னாடியே எழுதியிருக்க. இவ்ளோ ஆசைய வச்சிக்கிட்டுதான் வராதீங்கன்னியா?"

ஒன்பதாவது வரி: "அவனியை நடுவில் படுக்க வை."

நடுவில் என்றால் ஒரு பக்கம் நீ, மறுபக்கம் நான்தானே என்றான். இன்னும் நாற்பது விடைத்தாள் பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்னான். அவள் சொல்லத் தொடங்கினாள். பின்கதவு, சாக்கு வாடை, தலையணை, எல்லாவற்றையும். அவன் அவள் தலையைத் தடவினான். அப்புறம் எழுந்துபோனான். பின்கட்டில் தாழ்ப்பாள் எடுக்கும் சத்தம் கேட்டது. பட்டியலில் இருக்கிறதே, அதனால் எடுத்தான். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று எடுத்தான்.

பத்து ஐம்பத்தைந்து.

உள்ளங்கையை நகத்தால் கிழித்தாள். நாக்கைக் கடித்தாள். அவனி அவளை ஒட்டிப் படுத்து, வழக்கம் போல ஒரு காலைத் தூக்கி அவள் இடுப்பின் மேல் போட்டிருந்தது. அந்தக் காலின் பாரத்தைப் பிடித்துக்கொண்டே விழித்திருக்கலாம் என்று நினைத்தாள். ஆயுசு முழுக்க வா வா என்று கூப்பிட்டும் வராத தூக்கம், இன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. முதலில் விரல்கள் போயின. பிறகு தோள். உடம்பு தானாகச் சுவர்ப் பக்கம் புரண்டது. வாய் திறக்கவில்லை. காது மட்டும் மிச்சம்.

மழை.

பின்கதவு.

சமையலறைத் தரையில் ஈரக்கால் சத்தம். ஓரடி. இன்னும் ஓரடி.

அறைக்கதவைத் தாண்டியது. நின்றது.

மெத்தை அந்தக் கோடியில் அமுங்கியது. மெதுவாக, பழகிய ஒருவர் உட்கார்வது மாதிரி. மகாந்தேஷ் வந்துவிட்டான் என்று நினைத்தாள். அப்பாடா. தாள் முடிந்திருக்கும், வந்துவிட்டான். அழுகை வந்தது, கண்ணீர் சுவர்ப்பக்கம் வழிந்தது.

ஹாலில் மகாந்தேஷ் இருமினான்.

சாக்கு வாடை.

திரும்பு. திரும்பு. திரும்பு.

அவள் இடுப்பின் மேலிருந்த குட்டிக் காலை ஏதோ ஒன்று தூக்கியது. தூங்கும் பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று தாய் தூக்குவாளே, அந்தப் பதமாக. தூக்கி, அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டது. இடுப்பில் பாரம் இல்லை. முதுகில் சூடு இல்லை.

"பப்பா," என்றது அவனி தூக்கத்தில், தள்ளிப் படுத்துக்கொண்டு. "உங்க கை ஜில்லுனு இருக்கு."

ஹாலில் மகாந்தேஷ் அடுத்த தாளைத் திருப்பினான்.