கொடுத்துவிட்ட பெயர்

விடிந்ததிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கட்டைகளின் தலையிலும், தபால்பெட்டியின் முதுகிலும், கத்தரீனா துணிக்கொடியில் மறந்துபோய் விட்டிருந்த துவாயிலும் ஒரு சாண் உயரத்துக்குப் பனி ஏறியிருக்க, காட்டோரத்தில் நின்ற பிள்ளைவண்டியின் கறுத்த மூடியில் மட்டும் ஒரு பொட்டுப் பனிகூட இல்லை.

அரிசி களைந்த கையோடு கத்தரீனா குசினி யன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது துடைத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டென்மார்க்காரர் துடைப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் துடைக்க வந்த ஒருவரையும் அவள் காணவில்லை, அதுவும் வண்டி வந்து நின்ற மூன்று நாளாக.

இந்த நாட்டில் கைப்பிள்ளைகளை வண்டியில் வைத்து வெளியே குளிரில் தூங்கவிடுவார்கள், அதுதான் சுகம் என்பார்கள். வந்த புதிதில் இது கத்தரீனாவுக்குத் தெரியாது. வைலே நகரத்தில் ஒரு பேக்கரி வாசலில் கேட்பாரற்று அழுத பிள்ளையொன்றைத் தூக்கித் தோளில் போட்டுவிட்டாள். உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்த தாய் பாய்ந்து வந்து பறித்த பறியில் தெருவே நின்று பார்த்தது. கத்தரீனாவின் புருஷன் நீக்கிலாஸ் தனக்குத் தெரிந்த பத்துச் சொல் டெனிஷில் பத்தும் மன்னிப்பாகச் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு வந்தான். மானம் கப்பலேறிய அன்றைக்கே, இனி ஊரார் பிள்ளை செத்தாலும் தொடுவதில்லை என்று அவள் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதனால்தான் முதல் இரண்டு நாளும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

பதினாலு வீடும், பூட்டியே கிடக்கும் ஒரு வெள்ளைத் தேவாலயமும்தான் அந்தக் கிராமம். கொம்யூன் என்கிற உள்ளூர்ச் சபை அவர்களுக்குக் கொடுத்த வீடு கடைசி வீடு. மற்ற வீடுகளின் யன்னல்கள் எல்லாம் தெருவைப் பார்க்கும். இவர்களுடைய குசினி யன்னல் ஒன்றுதான் காட்டைப் பார்த்தது. நீக்கிலாஸ் இருட்டோடு எழும்பி வைலே மரத்தளபாடத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறினால், திரும்ப வரும்போதும் இருட்டாகிவிடும். தை மாதம், பகல் மூன்றரைக்கே வெளிச்சம் சுருங்கத் தொடங்கும். அதுவரைக்கும் அவளோடு கதைக்க இருந்தது ஏழு மாத வயிறு ஒன்றுதான்.

வயிற்றோடு அவள் கதைத்தாள், வஞ்சகமில்லாமல் கதைத்தாள். பிறக்கப்போவது ஆண்பிள்ளைதான் என்று நீக்கிலாஸ் தீர்ப்பெழுதிவிட்டான். தொண்ணூற்றொன்பது பெயர் யோசித்து, கடைசியில் கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தகப்பனின் பேரையே வைத்தான்: மடுத்தீன். அது பழங்காலத்துப் பேர் என்று கத்தரீனா முதலில் மூக்கைச் சுளித்தாள். பிறகு அவளே விடிந்தால் மடுத்தீன், சோறு வடித்தால் மடுத்தீன் என்று ஆகிவிட்டாள். பேரைச் சொன்னால் உள்ளே ஒரு உதை விழும். அதற்காகவே சொல்லுவாள்.

அன்று மூன்றரை மணிக்கு வண்டிக்குள்ளிருந்து அழுகை கேட்டது. பசித்த பிள்ளை வீரிட்டழுகிற அழுகையல்ல, அழுது அழுது களைத்து, இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை முனகுகிற மாதிரியான மெல்லிய இழுவை; அது இரட்டைக் கண்ணாடி யன்னலையும், பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரின் சத்தத்தையும், வானொலியில் ஒருவன் வாசித்துக்கொண்டிருந்த காலநிலை அறிக்கையையும் தாண்டி நேரே அவளுடைய மார்புக்குள் வந்து இறங்கியது. பிறகு நின்றது. நின்றதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

நீக்கிலாசின் பழைய சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பனி எல்லாச் சத்தத்தையும் விழுங்கியிருந்தது. தன் மூச்சும், சப்பாத்து புதைந்து எழும்புகிற நறநறப்பும், காட்டு மரங்களுக்குள் எங்கோ ஒரு கொப்பு பாரம் தாங்காமல் முறிகிறதும்தான் கேட்டன. வயிற்றுக்குள் மடுத்தீன் வழி நெடுக உதைத்துக்கொண்டே வந்தான். வண்டியைச் சுற்றிச் சில்லுத் தடம் ஒன்றும் இல்லை என்பதை அவள் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. பார்த்தாள். பார்த்ததை யோசிக்க அவளுக்கு நேரமிருக்கவில்லை.

மூடியை விலக்கினாள். நெடுங்காலம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருகிற வாடை அடித்தது. கம்பளித் தொப்பிக்குள் ஒரு சின்ன முகம். உதடு நீலம். கன்னத்தில் விரலை வைத்தாள், விரல் விறைத்தது. மூச்சு இல்லை.

மன்னாரில் அவளுக்கு முதற்பிள்ளை பிறந்த ஆறாம் நாள் ஊரை ஆமி சுற்றி வளைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். சுவாமியார் வரட்டும், ஞானத்தாய் வரட்டும், முறையாக ஞானஸ்நானம் கொடுப்போம் என்று அவள் காத்திருந்தாள். பாதை திறக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல், பேரில்லாமல் போன பிள்ளையைச் சேமக்காலை மயானத்துக்கு வெளியே வேலியோரமாகத்தான் புதைத்தார்கள். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரும் தண்ணீர் ஊற்றலாம், பெற்ற தாயே ஊற்றலாம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தது மூன்றாம் நாள்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் குற்றத்தை அவள் பாவசங்கீர்த்தனத்தில் பதினொரு தடவை சொல்லியிருக்கிறாள்.

இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. ஒரு பிடி பனியை அள்ளி இரண்டு கையாலும் பொத்தி உருக்கினாள். துளித்துளியாக அந்த நெற்றியில் விட்டாள். பேர் சொல்ல வேண்டும். பேர் சொல்லித்தான் ஊற்ற வேண்டும். நாக்கில் மாதக்கணக்காகக் கிடந்த பேர் ஒன்றுதான்.

"மடுத்தீன், நான் உன்னைப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே ஞானஸ்நானம் செய்கிறேன்."

பிள்ளை கண்ணைத் திறந்தது.

அதே நேரம் அவளுடைய வயிற்றுக்குள் உதை நின்றது.

பக்கத்து வீட்டு இங்கர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், கத்தரீனா ஓடிப்போய்க் கூப்பிட்டுக் கைவிளக்கோடு வந்து பார்த்தபோது காட்டோரத்தில் வண்டி இல்லை. போன தடமும் வந்த தடமும் கத்தரீனாவுடையவை மட்டும்தான். "இந்த ஊரில் கைப்பிள்ளை கிடையாது. கடைசியாகப் பிறந்த பிள்ளைக்குப் பதினொரு வயது" என்றாள் இங்கர், நிறுத்தி நிறுத்தி, விளங்கவேண்டும் என்று. பிறகு கத்தரீனாவின் நனைந்த கையைப் பார்த்தாள். "அதற்கு என்ன செய்தாய்?"

"பெயர் வைத்தேன்" என்றாள் கத்தரீனா, தெரிந்த டெனிஷில்.

இங்கர் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு கத்தரீனா எத்தனை தரம் மணியடித்தும் அவள் கதவைத் திறக்கவில்லை.

மருத்துவிச்சி மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் நன்றாக அடிக்கிறது, பிள்ளை தூங்குகிறது, நீயும் தூங்கு என்றாள். அன்று வேலையால் வந்த நீக்கிலாஸ் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அவளுடைய வயிற்றில் வாயை வைத்தான்.

"டேய் மடுத்தீன், என்னடா அம்மாவைப் பயப்படுத்துறாய்?"

உள்ளே ஒன்றும் அசையவில்லை. வெளியே, காட்டுப் பக்கமிருந்து, கூப்பிட்ட பிள்ளை மகிழ்ந்து சத்தமிடுகிற மாதிரி ஒரு சின்னக் குரல் வந்தது.

நீக்கிலாஸ் தலையை நிமிர்த்தினான். "நரி" என்றான். அவனுடைய முகம் வேறு மாதிரி இருந்தது.

கத்தரீனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருவனுக்கென்று வைத்திருந்த பேரை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டாள், அதுவும் ஆண்டவர் பேரால் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். வைலேக் கோவில் சுவாமியாருக்குத் தெலிபோன் எடுத்தாள். செய்தது புண்ணியம் மகளே என்றார் அவர் ஆங்கிலத்தில். அதைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டாள். ஞானஸ்நானத்தை யாராலும் அழிக்க முடியாது, பாப்பரசராலும் முடியாது என்று அவர் ஆறுதலாகச் சொன்னார்.

"அப்ப வேறை பேர் வைப்பம். பேருக்கா பஞ்சம்?" என்றான் நீக்கிலாஸ். இரவிரவாக இரண்டு பேரும் வயிற்றுக்குப் பேர் சொல்லிப் பார்த்தார்கள். அருளப்பு. சந்தியாப்பிள்ளை. யாக்கோபு. உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பேர், அவளே சொல்லிச் சொல்லிப் பழக்கியது. மற்றவை எல்லாம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் கிடந்தான்.

ஒவ்வொரு பின்னேரமும் வெளிக்குரல் கிட்ட வந்தது. முதலில் வேலியடியில். பிறகு துணிக்கொடிக் கம்பத்தடியில். பிறகு சுவரோடு. கத்தரீனா வானொலியைக் கூட்டி வைத்தாள், யன்னலுக்குப் போர்வை அடித்தாள், அந்தப் பேரை வாயால் சொல்வதையே விட்டாள். வயிற்றுக்குள் இருந்தவன் முதுகுப் பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிப் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. நாளுக்கு நாள் வயிறு பாரமில்லாமல் வந்தது.

பத்தாம் நாள் பின்னேரம், மூன்றே முக்கால்.

வானொலி தானாக நின்றது.

படியில் சத்தம். பனி தட்டுகிற சத்தம்.

கிணற்று வாடை.

கத்தரீனா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவுப்பிடி கீழே இறங்கியது. செபம் வரவில்லை. கதவு திறந்தது.

நீக்கிலாஸ். நேரத்தோடு வந்திருந்தான். சிரித்துக்கொண்டு வந்தான். அவனுடைய மேலங்கிக்குள் கம்பளித் தொப்பி ஒன்று தெரிந்தது.

"இஞ்சேரும், ஏன் பிள்ளையை வெளியிலை விட்டனீர்? நீரும் இவங்களைப் போலப் பழகீட்டீரோ?" தொப்பியை முகர்ந்தான். "பாரும், மடுத்தீன்ரை கை ரெண்டும் விறைச்சுப் போச்சு."

அவள் கையை வயிற்றில் வைத்தாள்.

சட்டை தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. நோவில்லை, இரத்தமில்லை. அடுப்புக்கு மேலே கயிற்றில் சின்னச் சின்ன உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. சுவரில் மருத்துவிச்சியின் அட்டை குத்தியிருந்தது. பிறந்த பிள்ளையின் நிறை எழுதியிருந்தது. பேரும் எழுதியிருந்தது.

"அது எங்கடை பிள்ளை இல்லை" என்றாள். "நீங்கள் கீழை வையுங்கோ. ஐயோ, கீழை வையுங்கோ!"

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? என்ரை அப்புவின்ரை மூக்கு அப்பிடியே இருக்கு."

அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. வெளியே, தூரத்தில், காட்டு மரங்களுக்குள் ஒரு பிள்ளை அழுதது. இளஞ்சூட்டிலிருந்து அப்போதுதான் பிடுங்கி எறியப்பட்ட பிள்ளையின் அழுகை. பெற்றவளுக்கு அது தெரியாமல் போகாது.

கதவுக்குப் பாய்ந்தாள். நீக்கிலாஸ் அவளுடைய தோளைப் பிடித்து நிறுத்தினான். அன்பாகத்தான் பிடித்தான்.

"பச்சை உடம்போடை எங்கை போறீர்? வெளியிலை பனி."

"பிள்ளை அழுகுது! உங்களுக்குக் கேக்கேல்லையே?"

"அழேல்லையே. என்ரை கையிலை சிரிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறான்."

யன்னலுக்கு அடித்த போர்வையைக் கிழித்தாள். கண்ணாடியைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. காடு இருட்டி நின்றது. கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

"தம்பி... ராசா... அருளப்பு... என்ரை குஞ்சு..."

அழுகை ஒரு கணம் நின்று கேட்டது. தன்னை அல்ல என்று நினைத்தது போலும். திரும்பவும் தொடங்கியது, இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் தூரத்தில்.

நீக்கிலாஸ் யன்னலைச் சாத்தினான். அவளைக் கதிரையில் இருத்தி, மடியில் பிள்ளையை வைத்து, சட்டைப் பொத்தானைத் தானே கழற்றிவிட்டான். மார்பில் பனிக்கட்டி வைத்த மாதிரி வாய் பதிந்தது. பால் வந்தது. அது குடித்தது, கண்ணை மூடாமல், அவளையே பார்த்துக்கொண்டு. காட்டுக்குள் இருந்தவன் பின்னேரம் ஆறு மணிவரைக்கும் அழுதான்.