போயிட்டு வாங்க

சாயங்காலம் நாலு மணிக்குக் காய்ந்த துணியை எடுக்கக் கதவைத் திறந்தபோதுதான் ரமணி அந்தச் செருப்பைப் பார்த்தாள். ஆண்கள் போடுகிற நீல ரப்பர்ச் செருப்பு. சொட்டச் சொட்ட ஈரம். யாரோ விருந்தாளி கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன மாதிரி, முனை இரண்டும் வீட்டைப் பார்க்க, ஒழுங்காகக் கிடந்தது. வீட்டுக்குள் ரமணியைத் தவிர ஒருவரும் இல்லை.

வேறு ஒருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். ரமணிக்குக் கோபம் வந்தது.

அவள் கோபம் லேசுப்பட்டதல்ல. கரூரில் அவள் குரல் உயர்ந்தால் டவுன் பஸ் தானாகவே பின்னால் போகும். கணவன் சுகுமாரனுக்குப் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து, ஜார்ஜ்டவுன் சந்து ஒன்றில் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் குடிவந்து மூன்று மாதம். அதற்குள் வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாய், புறா, மழை என எல்லாவற்றோடும் சண்டை போட்டு முடித்துவிட்டாள். தீவைச் சுற்றியிருந்த கடல் ஒன்றுதான் பாக்கி. ஆனால் எத்தனை கிழித்தாலும் கடைசியில் "சரி, போயிட்டு வாங்க" என்றுதான் முடிப்பாள். வெறும் "போ" அவள் வாயில் வராது. காலையில் சுகுமாரன் படியிறங்கும்போது அதைச் சொல்லாமல் விட்டதே இல்லை. இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

"எவன்டா அது? என் வீடு என்ன சத்திரமா?" படிக்கட்டு அதிரக் கத்தினாள். "மரியாதையா செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க!"

துடைப்பத்தோடு திரும்பி வருவதற்குள் செருப்பைக் காணோம். ஈரம் மட்டும் மிச்சம். கடல்சேற்று வாடை.

மறுநாள் நாலு மணிக்கு மறுபடி. அதற்கு மறுநாளும். தினமும் அவள் திட்டினாள், தினமும் அது போனது. தினமும் ஒரு சாண் கிட்டத்தில் வந்தது. நாலாம் நாள் நிலைப்படி மேலேயே இருந்தது.

ரமணி கீழே இறங்கினாள். படிக்கட்டு முடிகிற இடத்தில்தான் கடையின் முகப்பு. கடைக்காரரின் மனைவி ஹமீதா தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, பசியாறியாச்சா?"

"அது ஒண்ணுதான் குறைச்சல்!" என்று ஆரம்பித்து ரமணி எல்லாவற்றையும் கொட்டினாள். ஹமீதாவின் கை நின்றது.

"அதுகிட்ட என்னா சொன்னீங்க?"

"நாறடிச்சுட்டு, போயிட்டு வாங்கன்னேன்."

"அலாமாக்! ‘வாங்க’ன்னா சொன்னீங்க? தினமுமா?"

"பின்ன? வாசல்ல நிக்கிறவங்கள மொட்டையாப் போன்னா சொல்லுவாங்க?"

"நீங்க கூப்பிடுறீங்க, அது வருது லா. நாளைக்கு ‘போ’ மட்டும் சொல்லுங்க. மூணு தடவ. ‘வா’ங்கிற எழுத்தே வாயில வரக்கூடாதுக்கா."

மறுநாள் மழை. தகரக் கூரையில் கூழாங்கல்லைக் கொட்டுகிற மாதிரி மழை. கீழிருந்து ஏறிவரும் மீன்குழம்பு மணம் ஈரச் சுவர் வாடையோடு கலந்து தொண்டையில் ஒட்ட, பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு, மூடிய கதவுக்குப் பின்னால் மூன்று மணியிலிருந்தே துடைப்பமும் கையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் கோபமும் பல்லுக்கு இடையில் இருந்தது.

நாலு மணி.

சளக். சளக். படியில் ஈரக்கால்.

நின்றது.

கதவில் தட்டல். மழைக்குள்ளிருந்து ஒரு குரல், "ரமணி..."

அவ்வளவுதான், உச்சந்தலை வரை ஏறிவிட்டது அவளுக்கு. "என் பேரு வேற தெரிஞ்சுபோச்சா உனக்கு? போ! போ! போ! இந்தப் படிய இனி மிதிக்காத!"

மறுபடி சளக், சளக். இறங்கியது. தேய்ந்தது. மழையில் கரைந்தது.

ஜெயித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

நீலச் செருப்பு இல்லை. ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருந்தது. தொழிற்சாலை ஷூ. பக்கத்தில், காலையில் அவள் கட்டிக்கொடுத்த டிபன் கேரியர்.

எப்படி இறங்கினாள் என்று தெரியாது.

"ஹமீதா! அவரு..."

"அண்ணனா? இன்னிக்கு சீக்கிரம் விட்டுட்டாங்களாம். நனைஞ்சுக்கிட்டு இப்பதானே மேல போனாரு." ஹமீதா படிக்கட்டைப் பார்த்தாள். "எறங்கலையேக்கா. நான் இங்கனயேதானே நிக்கிறேன்."

ரமணி சந்துக்கு ஓடினாள். மழை. ஆளில்லை. அந்தக் கோடியிலும் ஆளில்லை.

"வாங்க!" என்று மழையைப் பார்த்து அலறினாள். "தெரியாம சொல்லிட்டேங்க! வாங்க! வீட்டுக்கு வாங்க!"

தொண்டை கிழியும்வரை கூப்பிட்டாள். பிறகு மேலே ஏறினாள்.

திறந்து போட்டு வந்த கதவு சாத்தியிருந்தது. வாசலில் இரண்டு ஜோடி. நீலச் செருப்பு, சொட்டு ஈரம் இல்லாமல், காய்ந்து. சுகுமாரனின் ஷூவில் விளிம்புவரை கடல்தண்ணீர். அடியில் கறுப்பாகச் சேறு.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"வந்துட்டேன்," என்றது சுகுமாரனின் குரல். "ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க, ரமணி."

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவன் அவளை ஒருநாளும் ‘வாங்க’ போட்டுக் கூப்பிட்டதில்லை.

தாழ்ப்பாள் விலகியது.